எழுந்தால் அணையும் திரை

மானிட்டர் அணைந்தது. கரண்ட் போகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, கணினி கேபினட்டின் விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. திரை மட்டும் தார் ஊற்றியதுபோல் கறுத்துப்போய், ஒரு கொட்டாவி விடுகிற நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வந்தது. அந்தக் கொட்டாவி நேரத்துக்குள் கத்திரி மவுஸைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருந்தான். மவுஸ் பிளந்து, அதன் சின்னச் சக்கரம் மட்டும் தனியாக உருண்டு வந்து அக்காவின் காலருகே விழுந்தது.

"மாப்ள! இந்தத் தடவையும் நீ எந்திரிச்ச. இந்தத் தடவையும் அணைஞ்சுது."

"தண்ணி குடிக்க எந்திரிச்சேன் மாமா. மனுஷன் தண்ணி குடிக்கக் கூடாதா?"

"நீ தண்ணி குடிச்சா என் மானிட்டருக்கு ஏன்டா விக்குது?"

அக்கா சக்கரத்தைக் குனிந்து எடுத்தாள். சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஆனால் கத்திரியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, தம்பி தண்ணீர் பாட்டிலை அடிப்பதற்குப் பிடிப்பதுபோல் அதன் கழுத்தில் பிடித்திருந்தான். அவள் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனாள்.

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். முன் அறையில் கணினிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவள் வேலை. வயதானவர்கள்கூட "அக்கா, இது ஆன் ஆகலக்கா" என்றுதான் மடிக்கணினியை நீட்டுவார்கள். கட்டின புருஷனே சில நேரம் வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான். அந்தப் புருஷன்தான் கத்திரி. பிறர் எடுத்துவரும் வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருகிறவன் என்பதால் வந்த பெயர். உள் அறையில் அவனும், அவளுடைய கூடப்பிறந்த தம்பியும் ஒரே நீள மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். கத்திரி வெட்டுவான், வெட்டியதற்குத் தம்பி நிறம் திருத்துவான். வீடு மாடியில்.

திரை அணைகிற கதை தொடங்கியது ஏசி போட்ட பிறகு. தினமும் சில தடவை அணையும். எப்போது என்று சொல்ல முடியாது. ஆனால் கத்திரி சொன்னது பொய்யில்லை. தம்பி எழும்போதெல்லாம் அணையாது, அணைந்தபோதெல்லாம் தம்பி எழுந்திருந்தான். கத்திரி கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டில் குறுக்குவிசைகளைத் தட்டுகிற ஆள். திரை கறுத்த பிறகும் விரல் ஓடிக்கொண்டே இருக்கும். படம் திரும்பி வரும்போது அரை நாள் கோத்த காட்சிகள் தாறுமாறாகக் கிடக்கும், சில சமயம் மென்பொருளே நின்றுபோகும்.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. கத்திரிக்கு ஃபேன் சத்தம் ஆகாது. "காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு" என்று தன் கேபினட்டைத் தூக்கி மேஜையின் மறுகோடியில், தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் வைத்துவிட்டான். அங்கிருந்து அவன் மானிட்டருக்கு நீளமான கேபிள் மேஜைக்கு அடியில் ஊர்ந்து வந்தது. ஆக, அவனுடைய கேபினட் தம்பியின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. சந்தேகத்துக்கு இது போதாதா?

"எந்திரிக்கிற சாக்குல பின்னாடி கை வைக்கிறான்," என்றான் கத்திரி.

"என் கை உங்க மிஷின்ல பட்டா கழுவணும் மாமா. அவ்வளவு தூசு."

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவாள், மாற்றிவிட்டுக் காத்திருப்பாள். இரண்டை ஒன்றாக மாற்றினால் பழுது போய்விடும், எதனால் போனது என்பது தெரியாமலே போகும். அப்படித்தான் பவர் சப்ளையை மாற்றினாள். அணைந்தது. கிராபிக்ஸ் கார்டை மாற்றினாள். அணைந்தது. மானிட்டரையே தம்பியுடையதோடு இடம் மாற்றினாள். தம்பியின் மானிட்டர் கத்திரியின் முன்னால் வந்து அணைந்தது. கேபிளையும் கழற்றி, அலமாரியிலிருந்த கேபிள் பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துப் போட்டாள். அதுவும் அணைந்தது. காரணம் கேபிள் இல்லை என்று மனதில் அடித்துவிட்டாள்.

கருத்துச் சொல்ல ஆளா இல்லை? கணினி என்றால் எல்லோரும் மருத்துவர்கள். பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் வாசலில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "எல்லாத்துக்கும் அப்டேட்தாம்மா காரணம். போன மாசம் என் மிஷின் தானா ஒரு அப்டேட் போட்டுச்சு. அன்னியிலேருந்து எனக்கே முட்டி வலி."

"உங்க முட்டிக்கு பழைய வெர்ஷன் போடவா அண்ணே?" என்றாள் அக்கா.

"ஒரு தட்டு தட்டிப் பாத்தியா? அந்தக் காலத்து டிவிய நாங்க அப்படித்தான் வழிக்குக் கொண்டுவருவோம்."

தட்டாமலா இருந்தான் கத்திரி? கேபினட்டின் பக்கத்தகடு அவன் உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருந்தது. தட்டினால் சரியாகும் என்பது முழுப் பொய்யும் இல்லை. உள்ளே ரேம் கொஞ்சம் தளர்ந்திருந்தால், அறைந்த அதிர்ச்சியில் அது இடத்தில் போய் உட்காரும், மிஷின் உயிர் பெறும். ஒரு தடவை அப்படி நடந்துவிட்டால் போதும், அறைகிறவன் ஆயுசுக்கும் அறைவான். அடித்ததால் ஓடியது என்று நினைப்பான். தளர்ந்ததை அழுத்தி மாட்டியிருந்தாலும் ஓடியிருக்கும் என்று நினைக்க மாட்டான். மிஷினை அடிக்கிறவன் மனுஷனை அடிக்க மாட்டான் என்றுதான் அக்கா நம்பியிருந்தாள். கோபத்துக்கு ஒரு வடிகால், போகட்டும் என்று.

அந்த நம்பிக்கை ஒரு மத்தியானம் உடைந்தது.

தம்பி எழுந்தான். திரை அணைந்தது. கத்திரி கேபினட்டை அடிக்கப் போகிறவன்போல்தான் எழுந்து வந்தான். ஓங்கிய கை தம்பியின் கன்னத்தில் இறங்கியது. சத்தம் முன் அறைவரை கேட்டது. கீழுதடு கிழிந்து ரத்தம் தாடைக்கு வழிந்தது. தம்பி ஒரு விநாடி உதட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தன் கீபோர்டை இரண்டு கையாலும் பிடுங்கினான்.

அந்தக் கீபோர்டு சாதாரணமானது இல்லை. இரும்புத் தகட்டின்மேல் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங் வைத்தது. தட்டினால் கடகடவென்று மழை பெய்யும், ஏழு வண்ணத்தில் மினுக்கும். "இது கீபோர்டா, சர்க்கஸ் கூடாரமா?" என்று கத்திரி கேட்காத நாள் கிடையாது. "தட்டுறது விரலுக்குத் தெரியணும் மாமா. உங்களுது ஊறின பிஸ்கட்" என்பான் தம்பி. அந்த இரும்புத் தகடு இப்போது காற்றில் அரைவட்டம் அடித்துக் கத்திரியின் வாயில் விழுந்தது. விசைகள் பிய்த்துக்கொண்டு அறை முழுக்கத் தெறித்தன. கத்திரி சுவரில் மோதிச் சரிந்தான். தம்பி மறுபடியும் ஓங்கினான், மறுபடியும். கத்திரி குறுக்கே நீட்டிய முழங்கையில் தகட்டின் விளிம்பு பட்டுத் தோல் வாழைப்பட்டையாக உரிந்தது. அக்கா பின்னாலிருந்து தம்பியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்த பிறகுதான் அது நின்றது.

சாயங்காலம் அவள் மட்டும் அந்த அறையைப் பெருக்கினாள். விசைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டாள். எழுத்துகளோடு எழுத்தாக ஒரு பல்லும் கிடந்தது.

கத்திரி மாடியில் வாயில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இன்னொரு தடவ அணையட்டும்," என்றான் குழறலாக. "அவன் கைய எடுத்துடுவேன். உன் தம்பின்னு பாக்க மாட்டேன்."

"நீங்க கொஞ்ச நாள் மாடியில உக்காந்து வேல பாருங்களேன்."

"என் எடம். நான் ஏன் போகணும்?"

தம்பியிடம் கேட்டாள். "நான் போனா நான்தான் பண்ணேன்னு ஆயிடும்க்கா. போக மாட்டேன்."

மறுநாள் காலையில் மேஜைக்கு அடியில் தவழ்ந்தபோது, தம்பி பக்கத்து மேஜைக்காலோரம் பழைய சர்வர் அலமாரியின் இரும்புச் சட்டம் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. கத்திரியின் இழுப்பறையில் அட்டைப்பெட்டி கிழிக்கிற கத்தி, புது அலகோடு. இரண்டையும் எடுத்துத் தன் ஸ்பேனர் பெட்டியில் பூட்டினாள். பூட்டும்போதே தெரிந்தது, இதற்கு அர்த்தமில்லை. அந்த அறையில் எதுதான் ஆயுதம் இல்லை? ஸ்க்ரூ டிரைவர், மானிட்டரின் அடித்தட்டு, கேபிள்கள். இன்றும் திரை அணையும். அணைகிற ஏதோ ஒரு தடவையில் இருவரில் ஒருவன் தரையிலிருந்து எழுந்திருக்க மாட்டான். அதற்குள் அது ஏன் அணைகிறது என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும்.

தம்பி உள்ளே வந்ததும் நேராகக் கத்திரியின் முன்னால் போய்த் திரும்பி நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் நீட்டினான்.

"கட்டுங்க. ரெண்டு கையையும் கட்டுங்க. அப்புறம் அணையுதா பாக்கலாம்."

"டேய், என்னடா இது?" என்றாள் அக்கா.

"இரு," என்றான் கத்திரி. அவனுக்கு இது பிடித்திருந்தது. தரையில் கிடந்த நெட்வொர்க் கேபிளை எடுத்து மணிக்கட்டுகளைச் சுற்றி இறுக்கினான். விரல்நுனிகள் நீலம் பாய்கிறவரை இறுக்கினான். மீதிக் கேபிள் வால்போல் தொங்கியது. தம்பி முகம் சுளிக்காமல் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

காலை முழுக்க அப்படியே இருந்தான். கத்திரி வெட்டிக்கொண்டே இருந்தான். அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றாள். அணையவில்லை. ஒரு மினுக்கல்கூட இல்லை. நேரம் ஆக ஆகக் கத்திரியின் உடைந்த வாயில் சிரிப்பு விரிந்தது.

"பாத்தியா? கையக் கட்டிப் போட்டதும் மிஷினு ஒழுங்கா ஓடுது. இப்ப என்ன சொல்ற? ஒன் தம்பி யோக்கியனா?"

தம்பியின் முகம் வெளுத்தது. உண்மையாகவே அவனுக்கும் புரியவில்லை. "யோவ், நான் எதையும் தொடலய்யா!" என்று கத்திக்கொண்டே, கட்டிய கைகளோடு விருட்டென்று எழுந்தான்.

திரை அணைந்தது.

கத்திரி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அந்தக் கணமே விடை கிடைத்திருக்கும். கை கட்டப்பட்டவன் எப்படித் தொட்டான்? ஆனால் அவன் பார்த்தது கறுப்புத் திரையை மட்டும்தான். மேஜையைத் தாண்டி வந்து தம்பியின் தலைமுடியைப் பிடித்துக் கேபினட்டின் விளிம்பில் மோதினான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. தம்பி கண் தெரியாமலே தலையை முன்னால் வீசினான். நெற்றி கத்திரியின் மூக்கில் போய் விழுந்தது. பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம். தம்பி அவன் வயிற்றில் ஒரு உதை கொடுத்தான், இன்னொன்று முட்டியில். கத்திரி அவனையும் இழுத்துக்கொண்டு சரிந்தான். தோளில் எங்கோ எலும்பு முறிகிற ஒலியோடு தம்பி அலறினான்.

"அவன் கை கட்டியிருக்கு! கட்டியிருக்குங்க!" அக்கா பாய்ந்து கத்திரியின் சட்டையைப் பற்றி இழுத்தாள். அவன் முழங்கை பின்னால் வந்து அவள் வாயில் இடித்தது. அவள் சுவரோரம் போய் விழுந்தாள். நாக்கில் உப்புக் கரித்தது.

நிமிர்ந்து பார்த்தபோது கத்திரி தம்பியை மேஜைமேல் மல்லாத்திப் போட்டிருந்தான். மணிக்கட்டிலிருந்து தொங்கிய கேபிள் வாலை இழுத்து அவன் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தான். தம்பியின் கால்கள் உதைத்தன. ஒரு கால் அவனுடைய நாற்காலியில் சிக்கியது.

அந்த நாற்காலியும் தம்பியின் ஆசைகளில் ஒன்று. பந்தயக் காரின் இருக்கைபோல் இரண்டு பக்கமும் சிறகு வைத்தது, நெம்புகோலை இழுத்தால் உஸ்ஸென்று ஏறி இறங்கும். "வண்டி எப்ப கெளம்புது மாப்ள?" என்று கத்திரி கிண்டல் அடித்தது அதைத்தான். முதுகுவலி என்று கத்திரி உட்காருவது மரநாற்காலியில். தம்பியின் கால் இருக்கையை முழுப் பாரத்தோடு மிதித்தது. இருக்கை அமுங்கியது. கால் வழுக்கி விலகியது. இருக்கை மேலே எழும்பியது.

திரை அணைந்தது.

கேபினட்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. தம்பி மேஜைமேல், கத்திரி அவன்மேல், அவள் சுவரோரம். அணையவைத்தது நாற்காலி.

அக்கா கத்திரியை நோக்கி ஓடவில்லை. அவனை இழுத்து நிறுத்தும் பலம் தனக்கு இல்லை என்பது இப்போதுதான் அவள் வாயில் எழுதப்பட்டிருந்தது. நாற்காலியை நோக்கி ஓடினாள். பொத்தென்று உட்கார்ந்தாள், எழுந்தாள். திரை ஒளிர்ந்துகொண்டே இருந்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள். ஒன்றும் இல்லை. தம்பியின் உதைப்பு தளர்ந்துகொண்டு வந்தது. துணி, என்று நினைத்தாள். துணி உரச வேண்டும். உட்கார்ந்து முதுகையும் தொடையையும் இருக்கையில் பரபரவென்று தேய்த்தாள், பைத்தியம் பிடித்தவள்போல். பிறகு விருட்டென்று எழுந்தாள்.

திரை அணைந்தது.

திரை கறுத்தால் தலை திரும்புவது கத்திரியின் உடம்பில் ஊறிய பழக்கம். எதைச் செய்துகொண்டிருந்தாலும் திரும்பும். கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தவனும் திரும்பினான். பிடி ஒரு இழை தளர்ந்தது.

"பாருடா!" என்று கத்தினாள் அக்கா. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவனை டா போட்டதில்லை. "யாருடா தொட்டா? சொல்லு! இப்ப யாரு தொட்டா?"

மறுபடியும் உட்கார்ந்து தேய்த்து எழுந்தாள். திரை மறுபடியும் கறுத்தது. கத்திரி திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மூக்கிலிருந்து ரத்தம் தம்பியின் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ... என்ன பண்ண?"

"உக்காந்தேன். எந்திரிச்சேன். அவ்வளவுதான். விடுடா அவன!"

கேபிள் அவன் விரல்களிலிருந்து நழுவியது. தம்பி பக்கவாட்டில் உருண்டு மேஜையிலிருந்து தரையில் விழுந்து, நீண்ட இரைச்சலோடு மூச்சை உள்ளே இழுத்தான். அக்கா ஒயர் வெட்டுகிற குறடால் அவன் மணிக்கட்டுக் கட்டை அறுத்தாள். சத்தம் கேட்டு வந்த ஜெராக்ஸ்காரர் வாசலிலேயே உறைந்து நின்றார். முதல் தடவையாக அவரிடம் சொல்வதற்குக் கருத்து எதுவும் இல்லை. தம்பியைத் தூக்கி ஆட்டோவில் ஏற்ற மட்டும் கைகொடுத்தார்.

தம்பியின் காறை எலும்பு முறிந்திருந்தது. கழுத்தில் கேபிளின் தடம் சிவப்பு வளையமாகப் பதிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வந்தபோது கத்திரி அதே நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தான். மூக்கில் பஞ்சு.

"நாற்காலிக்கும் மானிட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டான், பள்ளிப்பிள்ளையின் குரலில்.

அவள் சொன்னாள். சொல்வது அவளுக்கே தேவைப்பட்டது. ஏசி அறையில் காற்று காய்ந்து போகிறது. காய்ந்த காற்றில் துணியும் இருக்கையும் உரசினால் மின்னூட்டம் சேர்கிறது, கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது பொரிகிற அதே சமாச்சாரம். ஆள் எழும்போது அந்த மின்னூட்டம் நாற்காலியிலேயே தங்கிவிடும், போக வழி தேடும். நாற்காலியை ஏற்றி இறக்குகிற தண்டுக்குள் உலோகத் துண்டுகள் ஒன்றுக்கொன்று சரியாக ஒட்டாமல் இருக்கின்றன. அந்த இடுக்குகளில் கண்ணுக்குத் தெரியாத பொறிகள் தாவுகின்றன. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வானொலி நிலையம். அது கத்துகிற கத்தலை, பக்கத்திலேயே தரையில் ஓடுகிற நீளக் கேபிள் ஆண்டெனாபோல் வாங்கிக்கொள்கிறது. படத்தின் சிக்னலில் குழப்பம். மானிட்டருக்குப் பேச்சு புரியாமல் போய், திரையை மூடிக்கொண்டு முதலிலிருந்து பேச்சைத் தொடங்குகிறது. அதுதான் அந்தக் கொட்டாவி நேரம்.

"நான்தான் கேபிள மாத்துனேனே," என்றாள், தனக்குத் தானே. "அதே பெட்டியிலேருந்து எடுத்து மாத்துனேன். மொத்தமா வாங்குன ஒரே சரக்கு. எல்லாத்துலயும் மேல சுத்துற உலோக உறை மெலிசு. ஒரு நோஞ்சானக் கழட்டிட்டு அவன் அண்ணன மாட்டியிருக்கேன்."

கத்திரி தலையைக் குனிந்துகொண்டான். "அப்ப மாப்ள ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணல."

"சரி. கேபிளப் போட்டுடு. இனிமே அணையாதுல்ல? எல்லாம் சரியாயிடும்."

"திரை சரியாயிடும்," என்றாள் அக்கா. மறுபடியும் 'நீங்க'வுக்குத் திரும்பியிருந்தாள், ஆனால் அந்த நீங்க இப்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற நீங்க. "உங்க மிஷின நாளைக்குக் கழட்டித் தரேன். வேற எடம் பாருங்க. தம்பி இங்கதான் உக்காருவான். அவன் கை கட்டியிருக்குன்னு நான் சொன்னேன். உங்க காதுல விழுந்துச்சு. அப்புறமும் நீங்க இறுக்குனீங்க."

கத்திரி வாயைத் திறந்தான். பல் போன இடம் தெரிந்தது. பிறகு எழுந்துபோய்க் கேபினட்டின் பின்புறத் திருகுகளைத் தானே கழற்றத் தொடங்கினான்.

அவன் போன பிறகு அந்த இடத்தில் வீடியோ வெட்டுகிற ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். அவளுக்காக அக்கா செய்தது இவ்வளவுதான். கேபினட்டை மானிட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தாள், கேபிள் குட்டையாகும்படி. கனமான உலோக உறை போட்ட, வேறு சரக்கிலிருந்து எடுத்த கேபிளைப் போட்டாள். அதன் இரண்டு முனையிலும் ஃபெரைட் வளையம், அதாவது கேபிளைச் சுற்றிக் கவ்விக்கொண்டு அந்தக் கத்தலை அடக்குகிற கறுப்பு உருண்டைக் கட்டி, ஒவ்வொன்று மாட்டினாள். தோளில் கட்டோடு தம்பி அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தேய்த்து, விருட்டென்று எழுந்தான். மறுபடியும் செய்தான். திரை அணையவில்லை.